ஔவை இல்லம் கண்ட அம்மையார்

உணவும் உடையும் போலவே உறையுளும் மனிதருக்கு இன்றியமையாதது. பசித்து வந்தவருக்கு ஒரு வேளைச் சோறு இடுவோர் பலர் உளர். கந்தல் அணிந்தவருக்கு ஆடை வழங்குவோரும் உளர். ஆனால், ஊரார் ஒதுக்கிய ஒருவருக்குத் தம் வீட்டில் ஓர் அறையைத் திறந்துவிடுவோர் மிகச் சிலரே. இருப்பிடம் வேண்டி வருபவரிடம் குலம் யாது, பெற்றோர் யார் என வினவி, விடை மனத்திற்கு ஒத்திருந்தால் மட்டுமே கதவைத் திறக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. அவ்வழக்கத்தைச் சட்டத்தாலும் செயலாலும் எதிர்த்து நின்ற பெருமாட்டி ஒருவர் சென்னை மாநகரில் வாழ்ந்தார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர் மன்னர் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் தோன்றியவர். அக்குலத்துப் பெண்களுள் சிலரைக் கோயிற்பணிக்கு ஒப்படைக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. குலம் கடந்து சந்திரம்மாளை மணந்தமையால், நாராயணசாமி ஐயரை அவருடைய உறவினர் தம் வீட்டிலிருந்து விலக்கினர். உறவினர் வீடு ஒன்று தம்மை ஏற்க மறுத்தல் எத்தகைய துன்பம் என்பதை முத்துலட்சுமி இவ்வாறு இளமையிலேயே அறிந்திருந்தார்.

பெண்களைப் பள்ளிக்கு அனுப்புதல் அருமையாயிருந்த காலம் அது. பருவமடைந்த பெண் தெருவில் நடத்தலே தகாது எனக் கருதினர். ஆயினும் தந்தையார் மகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டித் தேர்வு எழுதச் செய்தார். பின்னர் அவர் மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது, ஆண்கள் பயிலும் இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. அவரைச் சேர்த்தால் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வோம் எனச் சில பெற்றோர் அச்சுறுத்தினர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இசைவளித்தார். மூடுவண்டியில் வந்து, மறைப்புக்குப் பின்னால் அமர்ந்து பாடங் கேட்டார் அம்மாணவி. ஒரு மன்னரின் ஆணை நூற்றுக்கணக்கானோர் அடைத்து நின்ற கதவைத் திறக்கவல்லது என்ற உண்மை அவருடைய உள்ளத்தில் பதிந்தது.

1907-ஆம் ஆண்டு அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். உடல்நலம் குன்றிய நாட்களிலும் ஊக்கம் குன்றாது பயின்றார். 1912-ஆம் ஆண்டு சிறப்புடன் தேர்ச்சி பெற்று மருத்துவரானார். 1914-ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். கணவனும் மனைவியும் நிகரானவர்கள் என்பதையும், தம் பணிக்குக் குறுக்கே நிற்றலாகாது என்பதையும் ஏற்றுக்கொண்ட பின்னரே அவர் அத்திருமணத்திற்கு இசைந்தார்.

மருத்துவப் பணி அம்மையாருக்கு மாளிகைகளையும் காட்டியது, குடிசைகளையும் காட்டியது. கைவிடப்பட்ட குழந்தைகளையும், கணவனை இழந்து போக்கிடமின்றித் தவித்த பெண்களையும் அவர் நாள்தோறும் கண்டார். நோய்க்கு மருந்து கொடுக்கலாம். மருந்துண்டபின் திரும்பிச் செல்ல வீடில்லாதவருக்கு யாது செய்வது? இவ்வினாவே அவரை மருத்துவமனையிலிருந்து பொதுவாழ்விற்கு அழைத்து வந்தது. 1917-ஆம் ஆண்டு அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்துடன் இணைந்து அவர் தொண்டாற்றலானார்.

அந்நாளிற் சென்னை நகரம் தெற்கு நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. மயிலாப்பூர் கோயிலைச் சூழ்ந்த பழந்தெருக்கள் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் வாழும் இடமாயின. மாம்பலத்தின் ஏரி நிலம் திருத்தப்பட்டுத் தியாகராய நகர் உருவாயிற்று. ஆற்றுக்குத் தெற்கே அடையாற்றின் தோப்புகளிடையே புதிய இல்லங்கள் எழலாயின. கல்வி கற்கவும் தொழில் தேடவும் வெளியூர்களிலிருந்து இளைஞர் வந்து குவிந்தனர். அவர்களுக்கென விடுதிகளும் தோன்றின. ஆனால், அவ்விடுதிகளுட் பல சாதிக்கொன்றாக நடத்தப்பட்டன. செங்கல்லும் சுண்ணாம்பும் புதியனவாயினும், வாயிலில் கேட்கப்பட்ட கேள்வி பழையதாகவே இருந்தது.

அம்மையார் மேற்படிப்பிற்காக 1925-ஆம் ஆண்டு இலண்டன் சென்றார். அவர் திரும்பியதும், சென்னைச் சட்டமன்றத்தில் பெண்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என மாதர் சங்கத்தார் வற்புறுத்தினர். 1926-ஆம் ஆண்டு அவர் அம்மன்றத்தின் உறுப்பினராக அமர்த்தப்பட்டார். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட இந்தியப் பகுதிகளில் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. மன்றத்தினர் அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராகவும் தெரிந்தெடுத்தனர். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பெரும்பணி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பதாகும்.

அவ்வழக்கம் எவ்வாறு நிலைத்து நின்றது என்பதை அறிதல் வேண்டும். கோயிற்பணி செய்யும் தேவதாசியருக்கு மன்னர்களும் செல்வர்களும் மானிய நிலங்களை வழங்கியிருந்தனர். சிலர்க்கு நிலமே உரிமையாக இருந்தது. சிலர்க்கு நிலத்தின் வரி வருவாய் மட்டும் கிடைத்தது. இரண்டும் கோயிற்பணி தொடரும்வரையிலுமே நிலைக்கும். பணியை விட்டால் மானியமும் போய்விடும். ஆகவே, தன் மகளாவது இவ்வாழ்விலிருந்து விடுபட வேண்டும் என விரும்பிய தாயும் அஞ்சினாள். மகளைப் பொட்டுக்கட்டாது நிறுத்தினால் குடும்பத்தின் பிழைப்பே அவளுடன் போய்விடும். நிலமே அவர்களைப் பிணித்த விலங்காயிற்று. வழக்கம் தீயது என எடுத்துரைப்பதனால் மட்டும் அவ்விலங்கு அறுபடாது என்பதை அம்மையார் உணர்ந்தார்.

எனவே, அவர் கொணர்ந்த சட்டம் முதலில் நிலத்தையே நோக்கியது. 1926-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்தும் அம்மசோதா, 1929-ஆம் ஆண்டு நிறைவேறி, அவ்வாண்டின் ஐந்தாம் சட்டமாயிற்று. அதன்படி, கோயிற்பணி என்னும் நிபந்தனையிலிருந்து மானிய நிலங்கள் விடுவிக்கப்பட்டன. சிறு வரி ஒன்றுக்கு உட்பட்டு அவற்றைப் பெண்களே வைத்துக்கொள்ளலாம். அவற்றிற்காக எந்தப் பணியும் செய்ய வேண்டுவதில்லை. ஒருத்தி தன் வாழ்வை மாற்றிக்கொள்ளும்போது அவளுடைய காணியும் பிழைப்பும் பறிபோகாவண்ணம் இச்சட்டம் காத்தது. விடுதலை தருவதற்கு முன், விடுதலை பெற்றவர் நிற்க ஓரிடத்தை உறுதி செய்தமையே இதன் சிறப்பாகும்.

இம்முயற்சி எளிதில் வெற்றி பெறவில்லை. பழைய வழக்கத்தைச் சட்டத்தால் மாற்றலாகாது என மன்றத்தின் உள்ளும் புறமும் கற்றோர் சிலர் வாதிட்டனர். தேவதாசியருள்ளும் ஒரு பகுதியினர் மனு அளித்து எதிர்த்தனர். இசையும் நடனமும் காத்து வந்த தம் மரபு முழுவதையும் இழிவெனக் கூறுதல் தகுமா என்றும், தம் வாழ்வுக்கு வழி யாது என்றும் அவர்கள் கேட்டனர். அவ்வச்சம் பொருளற்றதன்று. அவ்வழக்கத்தின் துன்பத்தைத் தம் வாழ்விலேயே அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஊர்தோறும் சென்று சீர்திருத்தத்தை ஆதரித்துப் பேசினர். இவ்விரு குரல்களுக்கும் இடையே, எதிர்த்தவர்க்கும் உரிய நிலவுரிமையைக் காத்துக்கொடுத்தது 1929-ஆம் ஆண்டின் சட்டம்.

அடுத்துப் பொட்டுக்கட்டுதலையே முற்றிலும் தடுக்கும் மசோதா ஒன்றையும் அம்மையார் முன்வைத்தார். ஆனால், 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டபோது, அதனைக் கண்டித்து அவர் தம் பதவியைத் துறந்தார். அம்மசோதா நெடுநாள் காத்திருந்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின், நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஆட்சியிலே அத்தடை சட்டமாயிற்று.

பதவி துறந்த அக்காலத்திலேயே அம்மையாரின் உறுதியைச் சோதிக்கும் நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. பொட்டுக்கட்டும் வாழ்வை வேண்டாது விட்டு வந்த இளம் பெண்கள் சிலர் அவருடைய இல்லத்தின் வாயிலில் வந்து நின்றனர். படிக்க வேண்டும், பிறரைப் போல வாழ வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். அம்மையார் அவர்களை நகரத்து விடுதியில் சேர்க்க முயன்றார். அவர்கள் பிறந்த குலத்தை அறிந்ததும் விடுதியின் கதவு அடைபட்டது. ஏனைய பெண்களோடு இவர்கள் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்குதல் இயலாது என மறுத்துவிட்டனர். சென்ற பெண்கள் கண்ணீருடன் திரும்பி வந்தனர்.

அம்மையார் எதிர்கொண்ட இக்கட்டு இதுவே. சட்டம் அப்பெண்களுக்கு உரிமை தந்தது. ஆனால் அன்றிரவு படுத்துறங்க ஓர் இடம் தரவில்லை. பழைய வீட்டிற்குத் திரும்பினால் பழைய வாழ்வே காத்திருக்கும். நல்வழியை நாடி வந்தவரை நல்லோர் எனப்படுவோரே வாயிலில் நிறுத்தினால், அவர்கள் எங்கே செல்வர்? இவ்விடுதிக்காரரைத் தடுக்கவோ தண்டிக்கவோ அந்நாளில் சட்டம் எதுவும் இல்லை. யாருக்கு இடமளிப்பது என்பது இடத்துக்கு உரியவரின் விருப்பம் என்றே அனைவரும் கருதினர்.

அம்மையார் வாதிட்டுக்கொண்டு நிற்கவில்லை. தம் இல்லத்தின் கதவையே அப்பெண்களுக்குத் திறந்துவிட்டார். 1930, 1931-ஆம் ஆண்டுகளில் இவ்வாறு சிலருடன் தொடங்கிய அப்புகலிடமே ஔவை இல்லம் ஆகும். குலத்தாலன்றிப் புலமையாலும் பண்பாலும் போற்றப்பட்ட மூதாட்டியின் பெயரை அதற்குச் சூட்டியது மிகவும் பொருத்தமாகும். பெற்றோரை இழந்தவர், கைவிடப்பட்டவர், வறியவர் எனப் பலரும் அங்கு வந்தனர். எக்குலம், எச்சமயம் என்னும் வினா அங்கே எழவில்லை. துன்பம் உண்டா, கற்கும் விருப்பம் உண்டா என்பனவே அங்குக் கேட்கப்பட்டன.

சேர்ந்தோர் தொகை பெருகவே, இல்லத்திற்குத் தனியிடம் தேவையாயிற்று. 1936-ஆம் ஆண்டு அது அடையாற்றுக்கு மாறியது. மரநிழல் சூழ்ந்த அவ்விடத்தில் பள்ளியும் பயிற்சிக் கூடமும் தோன்றின. உண்ணவும் உறங்கவும் இடந்தருதல் மட்டும் போதாது. தம் காலில் நிற்கும் ஆற்றலையும் தருதல் வேண்டும் என்பது அம்மையாரின் கருத்து. ஆகவே, அங்கு வளர்ந்த பெண்கள் ஆசிரியராகவும் செவிலியராகவும் பயிற்சி பெற்று வெளியே சென்றனர். விடுதியில் இடமின்றித் திருப்பியனுப்பப்பட்ட குலத்துப் பெண்ணே, பின்னாளில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவிக்கும் நிலைக்கு உயர முடிந்தது.

ஒதுக்கப்பட்டோர்க்கு இடந்தேடும் அவருடைய உள்ளம் முதுமையிலும் ஓயவில்லை. அவருடைய தங்கை புற்றுநோயால் இளவயதிலேயே மறைந்தார். அந்நோயுற்றோர்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என அவர் நெடுங்காலம் வாதாடினார். 1952-ஆம் ஆண்டு பிரதமர் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது. இனிப் பிழையார் எனக் கைவிடப்பட்டோர்க்கு அது புகலிடமாயிற்று. 1956-ஆம் ஆண்டு இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூசண் விருதளித்துச் சிறப்பித்தது. எண்பத்திரண்டு ஆண்டுகள் நிறைவுறும் தறுவாயில், 1968-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22-ஆம் நாள் அவர் மறைந்தார். ஏழைத் தாய்மார்க்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேற்று உதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அம்மையார் மறைந்த அதே ஆண்டில், உலகின் வேறு இரு நாடுகளில் வீட்டுரிமை பற்றிய பெருஞ்சட்டங்கள் பிறந்தன. அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்களுக்கு வீட்டை விற்கலாகாது என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என 1948-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் கதவுகள் திறக்கவில்லை. 1968-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்திற்குள், நிறமும் சமயமும் பிறந்த நாடும் காரணமாக வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ மறுப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் பிரிட்டனிலும் இத்தகைய சட்டம் ஏற்பட்டது.

நம் நாட்டில் தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு ஒழித்தது. அதனைச் செயற்படுத்த 1955-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 1976-ஆம் ஆண்டு முதல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என வழங்குகின்றது. தீண்டாமை காரணமாக ஒருவரை எப்பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ விடாது தடுத்தல் அச்சட்டத்தின் நான்காம் பிரிவின்படி குற்றமாகும். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும், அதனுடன் அபராதமும் அதற்குரிய தண்டனையாம். எச்.ஐ.வி. தொற்றுடையோர்க்கு 2017-ஆம் ஆண்டின் சட்டமும், திருநர்க்கு 2019-ஆம் ஆண்டின் சட்டமும் வீட்டை வாங்குதல், வாடகைக்குப் பெறுதல், குடியிருத்தல் ஆகியவற்றில் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கின்றன.

ஆயினும், சமயமும் உணவும் மணமாகாமையும் காரணமாகத் தனியார் ஒருவர் வாடகைக்கு வீடு மறுப்பதை முழுமையாகத் தடுக்கும் பொதுச்சட்டம் இந்தியாவில் இன்னும் ஏற்படவில்லை. ஒரு சமயத்தார் மட்டுமே உறுப்பினராதல் வேண்டும் என்னும் வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என 2005-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறியது. தமிழகத்தில் 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும் என்பதையும் முன்பணத்தின் அளவையும் வரையறுக்கின்றது. யாருக்கு வீடு மறுக்கலாகாது என்பதைப் பற்றி அது பேசவில்லை. இன்றும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வீடு தேடி அலைவோர், வாடகை எவ்வளவு என்று கேட்குமுன்னர், தாம் யார் என்னும் கேள்விக்கு விடையளிக்க நேர்கின்றது.

முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்க்கை இவ்விடத்திலேதான் வழிகாட்டுகின்றது. சட்டமன்றத்தில் அவர் பெற்றுத்தந்த உரிமை இல்லையேல், நிலத்தை இழக்கும் அச்சம் அப்பெண்களை விட்டு நீங்கியிராது. தம் இல்லத்தில் அவர் திறந்துவைத்த கதவு இல்லையேல், அவ்வுரிமையைப் பெற்றவர் தெருவில் நின்றிருப்பர். சட்டம் இயற்றப்படும்வரை அறம் காத்திருத்தலாகாது; அறம் செய்வோர் சிலர் உளர் என்பதனால் சட்டம் வேண்டாததாகிவிடவும் மாட்டாது. இவை வண்டியின் இரு சக்கரங்கள் போல்வன. அடையாற்றில் ஔவை இல்லம் இன்றும் நின்று, புகலிடம் தேடி வரும் பெண்குழந்தைகளுக்குக் கல்வியும் வாழ்வும் அளித்து வருகின்றது.